கருப்பனும் 40 அடித் தூரமும்

எங்கள் சிப்பிப்பாறை நாய் கருப்பனுக்கு மனிதர்கள் மேல் கோபம் கிடையாது. வேறு நாயைக் கண்டால்தான் வெறி பிடித்ததுபோல் குரைப்பான். திருவான்மியூரில் தெருநாய் இல்லாத தெரு எது? முதலில் வந்த பயிற்சியாளர் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டிச் சுண்டிச் சுண்டி இழுத்தார். இரண்டே வாரத்தில் சங்கிலிச் சத்தம் கேட்டாலே கருப்பன் கட்டிலுக்கடியில் ஒளிந்தான். கொடுத்த பணம் தண்டம்.

இப்போது வருபவர் வங்கி வேலையை விட்டுவிட்டு இத்தொழிலைக் கற்றுக்கொண்ட பெண்மணி. முதல் நாள் நாயைத் தொடவேயில்லை. ஒரு மணி நேரம் என்னைத்தான் குடைந்தார். பிறகு, தெருமுனையில் படுத்திருந்த செவலை நாயிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் கருப்பன் பதறாமல் இருக்கிறான் என்று காலடியால் அளந்தார்: 40 அடி. அங்கே நின்றபடி, அவன் செவலையைப் பார்த்த நொடியில் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. செவலை மறைந்தால் கோழியும் நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தை.

"வாரை இறுக்காதீர்கள் சார், உங்கள் பயம் கைவழியாக அவனுக்குப் போகிறது" என்றார். சுருக்கென்றது, உண்மைதான்.

மூன்று மாதத்தில் 12 அடிக்கு வந்திருக்கிறோம். ஒரு முறைக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார், கோழி நம் செலவு. தூறல் போட்டால் வரமாட்டார், அதுதான் எரிச்சல்.

நேற்று பால் வாங்கப் போகும்போது செவலை எதிரே வந்தது. கருப்பன் அதைப் பார்த்தான். உடனே திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தான். அதில் சில்லறைதான் இருந்தது.