நாள்பட்ட இடுப்பு வலி: பெல்ட்டா, மாத்திரையா, நடையா, பயிற்சியா?

மூன்று மாதம் தாண்டியும் விடாத இடுப்பு வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் பலர் கையில் ஒரு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும், அதில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பது) என்ற வரியும் வந்துவிடும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது.

சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் வெளியேறுவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீடு உங்களுக்கானதல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், முதுகெலும்புக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பெல்ட், டிராக்‌ஷன் (இடுப்பை இழுத்துக் கட்டுவது), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை சிகிச்சை), டென்ஸ் கரண்ட் (தோல் வழியே லேசான மின்சாரம் செலுத்துவது): குறிப்பிட்ட நோய்க்காரணம் பிடிபடாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. பஸ்ஸில் நெடுந்தூரம் போகும் நாளில் பெல்ட் போடுவதில் குற்றமில்லை. அதைப் போடாமல் வெளியே கிளம்பவே பயம் என்ற நிலைதான் கெடுதல். வெந்நீர் ஒத்தடமும் மசாஜும் இறுக்கத்தைத் தளர்த்தும். அந்தச் சுகம் சில மணி நேரம்தான். அதற்குள் பயிற்சியை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்யும், ஆனால் சில நாட்களுக்கு மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரை உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. பிரீகாபலினை நரம்பு வலி என்று சொல்லி எழுதிக் கொடுப்பது பரவலாகிவிட்டது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிகாவுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி, காலுக்கு இறங்கும் வலியைச் சில வாரங்கள் தணிக்கலாம். வெறும் இடுப்பு வலிக்குப் பெரிதாக உதவாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும்.

நடையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடந்தவர்களுக்கு வலி திரும்ப வரும் இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு வலி திரும்ப ஆன காலம்) 208 நாள். நடக்காதவர்களுக்கு 112 நாள். இலக்கு, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டினால் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, 'நடந்தால் வலிக்கிறது' என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

பயிற்சிகளில் எது என்பதை வலியின் போக்கு சொல்லும். குனிந்தால், உட்கார்ந்தால் வலி கூடி, நடந்தால் குறைகிறவர்கள் குப்புறப் படுத்து, தோளுக்கு நேரே கைகளை ஊன்றி, இடுப்பு தரையில் கிடக்க மார்பை மட்டும் உயர்த்தலாம். பத்து முறை, இரண்டு மூன்று மணிக்கொரு தரம். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும் புட்டத்துக்கும் ஏறி வந்தால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் சரியான திசை. கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். நடந்தால் கால் கடுத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுப்போகிற முதியவர்களுக்குத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் வளைவது ஆகாது. முழங்காலை மார்போடு அணைப்பதும், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளும் ஒத்துவரும்.

எந்தப் பக்கம் வளைந்தாலும் வலிக்கிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு, இடுப்பை அசைக்காமல் தசையை வலுவாக்கும் பயிற்சி. தவழும் நிலையில் வலக் கையையும் இடக் காலையும் நீட்டிப் பத்து விநாடி நிறுத்துங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆறு முறை, சற்று ஓய்வு, நான்கு, பிறகு இரண்டு. காலை முதுகு மட்டத்துக்கு மேலே தூக்கினால் இடுப்பு குழிந்து, பயன் கெட்டு, வலிதான் மிஞ்சும். மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இதோடு காசு செலவில்லாத ஒன்று: எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிய வேண்டாம். இரவில் டிஸ்க் நீர் ஏறி உப்பியிருப்பதால் அந்நேரம் குனிந்தால் அழுத்தம் அதிகம். கோலம், வாசல் பெருக்குவது, குடம் தூக்குவது ஆகியவற்றை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

படுக்கை? கட்டாந்தரையில் படுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 313 பேரை வைத்து 2003-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினம் கொண்டதே நல்ல பலன் தந்தது.