பிற்பகல் தூக்கமா, மாலை நடையா?

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைத்துவரும் என் அம்மாவுக்கு, பிற்பகல் 2 மணிக்கெல்லாம் கைகால் ஓய்ந்துவிடும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தவர், பாதிக் கொத்து கையிலிருக்கவே சாய்ந்துவிடுவார். இது சோம்பல் அல்ல. நெடுநாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால் சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிகள், உடலுக்குத் தெம்பு தரும் கார்டிசோல் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டன. பழைய நிலைக்குத் திரும்ப அவற்றுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

தூக்கம் உடனே தெம்பு தருகிறது. ஆனால் அரை மணி நேரத்தைத் தாண்டினால் அம்மா இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பார். நடையின் பலன் தாமதமாகத்தான் தெரியும். என்றாலும், நீண்டகால ஸ்டீராய்டு தொடைத் தசைகளைத் தளர்த்தக்கூடியது. அவை வலுப்பெற அசைவு வேண்டும். வெயில் தணிந்ததும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு சுற்று, பிறகு கல்மேசையருகே சற்று ஓய்வு. முன்பு கைப்பிடியைப் பற்றி எழுந்தவர், நேற்று கையூன்றாமல் எழுந்தார்! என் ஓட்டு நடைக்கே. மாத்திரை அளவு குறைந்த முதல் சில நாள் மட்டும் தூங்க விட்டுவிடுகிறேன்.

கடும் தலைசுற்றலோ, ஓயாத வாந்தியோ, மயக்கமோ வந்தால் இரண்டும் உதவாது. உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.