லண்டன், ஷெஃபீல்ட், கிளாஸ்கோ: வெளியே அறை எடுத்துப் படித்தால் மாதம் எவ்வளவு?

பிரிட்டன் விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகையையே மாதச் செலவு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2025 நவம்பர் 11 முதல் அது லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், வெளியே 1,171. அதுவும் ஒன்பது மாதத்துக்கு மட்டும். முதுகலைப் படிப்போ பெரும்பாலும் பன்னிரண்டு மாதம். லண்டனைத் தாண்டிவிட்டால் எடின்பரோ, ஷெஃபீல்ட் எல்லாமே விசா அலுவலகத்துக்கு ஒரே ஊர்தான். வாடகை கொடுக்கப் போகிறவருக்கு அப்படி இல்லை.

லண்டன் பல்கலைக்கழகங்களுக்கு வசதியான பகுதியில் தனி அறை சுமார் 900 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஷெஃபீல்டில் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஓர் அறை 500க்குள் அடங்கிவிடும். கிளாஸ்கோ இரண்டுக்கும் நடுவே, 600, 650. இவை என் தோராயக் கணக்கு. தெருவுக்குத் தெரு மாறும்.

பகுதி நேர வேலையை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசத்தின் கனம் புரியும். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.71 பவுண்ட். லண்டனுக்கென்று சட்டத்தில் தனி விகிதம் கிடையாது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மாதத்துக்கு ஏறக்குறைய 87 மணி. லண்டன் அறை வாடகைக்கே அதில் 71 மணி போய்விடும். ஷெஃபீல்டில் 39 மணி போதும். "லண்டன்ல வேலை நிறைய கிடைக்கும்" என்று சொல்லும் அண்ணன்மார் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. வேலை உடனே கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

சாப்பாட்டுச் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆல்டி, லிடில் என்ற மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லா ஊரிலும் உண்டு, விலையிலும் பெரிய மாற்றமில்லை. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருப்பதால் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை சுலபமாகக் கிடைக்கும். அதற்காக மாதம் 400 பவுண்ட் கூடுதல் வாடகை கொடுக்கலாமா என்பது அவரவர் விருப்பம்.

போக்குவரத்தில் கிளாஸ்கோ முந்துகிறது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2022 ஜனவரி முதல் பேருந்து இலவசம். ஆனால் நம் ஊரில் பட்டம் முடித்துப் போகிறவர்களில் பலர் அந்த வயதை எட்டியிருப்பார்கள் அல்லது சீக்கிரம் எட்டுவார்கள். லண்டனில் பேருந்து, ரயிலுக்கான மாணவர் ஆய்ஸ்டர் பயண அட்டைக்கு 30% சலுகை உண்டு. அது மாத பாஸ் போன்ற நீண்ட காலப் பயணச்சீட்டுகளுக்குத்தான். ஷெஃபீல்டில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தால் நடந்தே போகலாம். மேடு பள்ளமான ஊர், கால் வலிக்கும், காசு மிஞ்சும்.

ஏமாற்றக்கூடிய ஊர் ஹாட்ஃபீல்ட். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் இருக்கும் இந்த ஊர் லண்டன் எல்லைக்கு வெளியே என்பதால் விசாவுக்கு 1,171 கணக்குதான். வாடகை மட்டும் லண்டனின் நிழலில் நிற்கிறது. சொந்தக்காரர் வீடு என்று லண்டனில் தங்கி ரயிலில் போய்வந்தால், வாடகையில் மிஞ்சுவதில் ஒரு பகுதியை டிக்கெட் தின்றுவிடும்.

முதல் மாதம்தான் மூச்சுத் திணறும். இங்கிலாந்தில் அட்வான்ஸ், அதாவது டெபாசிட், வழக்கமான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஸ்காட்லாந்தில் இரண்டு மாதம் வரை கேட்கலாம். பிரிட்டனில் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது இங்கிலாந்தில் சகஜமாக இருந்தது. 2026 மே 1 முதல் அங்கே தனியார் வாடகை வீடுகளில், டெபாசிட் தவிர, ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே கேட்க முடியாது. அதனால் ஜாமீன் கேட்டு இன்னும் கறாராக நிற்பார்கள் என்றே நினைக்கிறேன். கிளாஸ்கோவில் வீடு கிடைப்பதே பாடு. நகர மன்றம் 2023 நவம்பரிலேயே வீட்டுவசதி நெருக்கடி அறிவித்துவிட்டது.

மூன்று ஊருக்கும் பொதுவான ஒரு பொறி, கவுன்சில் வரி, அதாவது குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி மன்றம் வாங்கும் வரி. வீட்டில் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரி இல்லை. வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர் கூடக் குடியேறினால் பில் வந்துவிடும். அவரைச் சேர்ப்பதற்கு முன்பே அதை யார் கட்டுவது என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர் கேட்டால் நான் ஷெஃபீல்டையே சொல்வேன். 22ஐ எட்ட இன்னும் நாள் இருக்கிறது, வீடும் உறுதியாகிவிட்டது என்றால் கிளாஸ்கோ. லண்டனில் வாடகை வாங்காத சித்தப்பா இருந்தால் மட்டும் லண்டன்.