கேமராவுக்கு பேட்டரி பேக் கட்டித் தரேன்னு 11,800 ரூபாய் போச்சு, வேலூர் பக்கம் வீடியோ எடுக்கறவங்க படிங்க

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுன்னு கல்யாணம் காதுகுத்து திருவிழா வீடியோ எடுக்கற எல்லாரும் இத படிச்சிடுங்க. ஆத்திரத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 11,800 ரூபாய். சின்ன ஆர்டர் ஒண்ணு ரெண்டு எடுத்தாதான் செலவு போக அவ்ளோ கைல நிக்கும்.

என்கிட்ட இருக்கறது சோனி மிரர்லெஸ். அதுல போடற இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச், அதாவது உள்ள நிக்கற மொத்த சக்தி 16 வாட் ஹவர் சொச்சம். 4கேல விடாம ஓட்டினா பாதி நிகழ்ச்சிக்குள்ள கழட்டி மாட்டணும். வைகாசி 1ந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) திருவிழாவுக்கு ஆர்டர் வந்துச்சு. போனவங்களுக்கு தெரியும், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து சிரசு கிளம்பிச்சுன்னா கோபாலபுரம் போய் சேர்ற வரைக்கும் ஜனத்துக்குள்ள நசுங்கிகினே போவணும், பிளக் பாயின்ட்டுக்கு எங்க போறது, பேட்டரி மாத்த கையே ஒழியாது. அதான் இடுப்புல கட்டிக்கற மாதிரி ஒரு வெளி பேட்டரி செட்டப் பண்ணிடலாம்னு நெனச்சேன். டம்மி பேட்டரிய (பேட்டரி வடிவத்துல ஒயர் வச்ச வெறும் கூடு) கேமராவுல சொருகி ஒயர் வெளிய இழுத்து பெரிய பேக்குல மாட்டிட்டா கேமரா, மானிட்டர், எல்இடி லைட் எல்லாம் ஒரே பேக்குல ஓடும். இதுக்குன்னே வர்ற நல்ல கம்பெனி வி-மவுண்ட் பேட்டரி விலை நமக்கு கட்டுப்படி ஆகல.

இ-பைக் பேட்டரி, சோலார் லைட் பேட்டரி எல்லாம் கட்டித் தர்ற சின்ன கடை ஒண்ணுக்கு போனேன். பேர் போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ்னு குதிப்பான். கடைக்காரர் உக்கார வச்சி டீ வாங்கிக் குடுத்தாரு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே நோட்டுல வரைஞ்சி காட்டறாரு. 18650ன்ற உருளை லித்தியம் செல் 16, நாலு சீரிஸ் நாலு பேரலல், 14.8 வோல்ட், செல் ஒண்ணு 2600 எம்ஏஎச்னா மொத்தம் 154 வாட் ஹவர். உன் லோடு 20 வாட்டுன்னு வச்சாலும் வோல்ட்ட குறைக்கற கன்வர்ட்டர்ல போற லாஸ் எல்லாம் கழிச்சி ஆறு மணி நேரத்துக்கு மேல வரும் தம்பி. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு, நானும் போட்டுப் பார்த்தேன்.

அதுக்கப்பறம் சொன்னாரு பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். “மார்க்கெட்ல 9900 எம்ஏஎச்னு ஒட்டி ஒரு செல் விக்கறானுங்க, அத மட்டும் வாங்கிடாத தம்பி, இந்த சைஸ் செல்லுல சாதாரணமா 3500, 3600க்கு மேல வராது, அதெல்லாம் ஃபிராடு. நான் அந்த மாதிரி வேல பண்றவன் இல்ல.” திருடனே திருடன் ஜாக்கிரதைன்னு சொன்னா எவன்தான் நம்ப மாட்டான்? சொன்னது அத்தனையும் உண்மை வேற! அங்கயே ஜிபேல 6,000 அனுப்பினேன். பேக் ரெடின்னு போன் வந்துச்சு, மல்டிமீட்டர வச்சி ஃபுல் சார்ஜ் 16.8 வோல்ட் காட்டினாரு, டம்மியில 8 வோல்ட் ஆடாம நின்னுச்சு, கேமராவ ஆன் பண்ணி காமிச்சாரு, மீதி 5,800 குடுத்தேன். மொத்தம் 11,800. பில் கேட்டதுக்கு எஸ்டிமேட் சீட்டுல எழுதிக் குடுத்தாரு, அதுல கடை பேரே கிடையாது.

திருவிழா அன்னிக்கு சிரசு பாதி வழி கூட வரல, மானிட்டர் கண்ண சிமிட்டுச்சு, லைட் மங்குச்சு, அப்பறம் எல்லாம் மொத்தமா ஆஃப். ரெக்கார்ட் ஓடிகினு இருந்த கிளிப்பும் கரப்ட். பைல இருந்த பழைய பேட்டரிங்கள மாத்தி மாத்தி எப்டியோ முடிச்சேன், ஆர்டர் குடுத்தவர் மூஞ்ச பாக்க முடியல.

கடைக்கு போனா முதல்ல “வெயில்ல வச்சிருப்ப”ன்னாரு. வேலூர்ல வைகாசி மாசம் வெயில் இல்லாம பனியா கொட்டும்? அப்பறம் ஃபுல் சார்ஜ் போட்டிருக்க மாட்ட, அப்பறம் உன் கேமரா ஓவரா இழுக்குது. செக் பண்ண வெச்சிட்டு போ, டெக்னீஷியன் திருவண்ணாமல போயிருக்கான். திருப்பிப் போனா அவன் இன்னும் வரல. வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியா கல்லாவுல உக்காந்திருந்த பையன், “அண்ணே, வாரண்டி சார்ஜ கன்ட்ரோல் பண்ற பிஎம்எஸ் போர்டுக்கு மட்டும்தான், செல்லுக்கு கெடையாது”ன்றான். 11,800 வாங்கறப்ப இத ஏன்டா சொல்லல?

பேக்க திருப்பி வாங்கியாந்து, காட்பாடில யூபிஎஸ் ரிப்பேர் பண்ற நம்ம மாமா கிட்ட குடுத்து பிரிச்சோம். உள்ள 16 செல் இருந்துச்சு. ஆனா நிக்கல் பட்டை வெல்டிங் எட்டு செல்லுக்குத்தான். மீதி எட்டு எதுலயும் சேராம சும்மா பசை போட்டு ஒட்டி வச்சிருக்கு, வெயிட்டுக்காக! தூக்கிப் பார்த்தா கனம் சரியா இருக்கணும் இல்ல. மேல புது நீல உறை, அத கிழிச்சா அடியில பழைய லேப்டாப் செல்லு, நெகட்டிவ் பக்கம் பழைய வெல்டிங் பிச்ச தழும்பு அப்டியே கீது. மாமா ஒவ்வொண்ணா டெஸ்டர்ல போட்டாரு, 1100, 1200க்கு மேல ஒண்ணும் தாண்டல. கணக்கு போட்டா 35 வாட் ஹவர் கூட வராது. 154 சொல்லி 35!

இத விட கொடும, 16.8 வோல்ட்ட 8 ஆக்கற ஸ்டெப் டவுன் மாட்யூல்ல ஃபியூஸ் இல்ல, வோல்டேஜ் செட் பண்ற ஸ்க்ரூவ ஒட்டவும் இல்ல. ஆட்டத்துல அது திரும்பியிருந்தாலோ மாட்யூல் ஷார்ட் ஆகியிருந்தாலோ நேரா கேமராவுக்குள்ள போயிருக்கும். அதுக்கு இன்னும் ஈஎம்ஐ கட்டிகினு இருக்கேன் சார்.

எப்டி தப்பிக்கலாம்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், டைம் இல்ல, சுருக்கமா சொல்றேன். செல்ல வெல்ட் பண்றதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடி கெபாசிட்டி டெஸ்டர்ல போட சொல்லுங்க, வோல்ட் மீட்டர் 16.8 காட்டறது எதுக்கும் சாட்சி இல்ல, சக்தி போன பழைய செல்லும் ஃபுல் சார்ஜ்ல ஒண்ணுக்கு 4.2 காட்டும், நாலு சேந்தா 16.8. லோட மாட்டி மணிக்கணக்குல ஓட்டிப் பாக்காம பாக்கி காசு குடுக்காதீங்க. மூடி ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள போட்டோ எடுங்க. ஒயர்ல ஃபியூஸ் கட்டாயம். ஜிஎஸ்டி பில் இல்லனா எழுந்து வந்துடுங்க. நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் போட்டுட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாதாம், அந்த 11,800க்காக அங்கயும் போவேன்.

நேத்து அந்த ஆளு ஸ்டேட்டஸ்ல அதே மாதிரி நீல டப்பா போட்டோ, “வீடியோகிராஃபர்களுக்கு ஸ்பெஷல்”னு போட்டிருக்கான். ஆடி முடிஞ்சி ஆவணி முகூர்த்தத்துக்குன்னு யாராவது அட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா மீதிய குடுக்காம உடனே எனக்கு மெசேஜ் போடுங்க, பிரிச்ச போட்டோ எல்லாம் அனுப்பறேன்.