இரண்டு நாள் பெற்றோர் வகுப்பு, காசுக்குத் தகுந்ததா?

பையனுக்கு மூன்று வயது, கேட்டது கிடைக்காவிட்டால் கடையிலேயே தரையில் உருளுவான், பதிலுக்கு நானும் கத்துவேன், அதனால்தான் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் பாதி நேரம் அறிமுகத்திலேயே போய்விட்டது, செம கடுப்பு.

ஆனால் ருமேனியா நாட்டில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்ன பகுதிக்காகவே காசு கொடுக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டின் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, பல வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். சோறும் தொட்டிலும் இருந்தும் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு மூளையின் மின் அலைகளே மந்தமாக இருந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் எட்டு வயதில் பரிசோதித்தபோது அந்த மின் அலைகளில், காப்பகத்தையே பார்க்காமல் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள். கேட்டதும் மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், அடங்கு என்றால் குழந்தை அடங்காது, பெரியவர் அமைதியாகப் பக்கத்தில் இருந்து இருந்துதான் அது பழகும் என்றார்கள். மறுநாள் பிஸ்கட்டுக்கு உருண்டவன் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் அழுதான், பிறகு மடியில் ஏறிக்கொண்டான். கடைக்காரர்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

ஐந்துக்கு மூன்றரை. சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டதற்காக அரையைக் குறைத்தேன்.