பவர் சரி, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா?

இந்த முறை கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனைப் பதிவு ஒன்று ஒரே ஒரு தாளால் நின்றுபோனது. டோக்கன் கூப்பிட்டாயிற்று, வாங்குபவர் டிடியோடு வந்தாயிற்று, சாட்சிகள் ஆதாரோடு நிற்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி, தன் சார்பில் விற்க அதிகாரம் தந்து எழுதிக் கொடுத்த பவரைப் புரட்டிய எழுத்தர் கேட்டார்: “பவர் சரிங்க சார், கொடுத்தவரு உயிரோட இருக்காருன்னு சான்று?” இருந்தது, ஆனால் முப்பது நாள் தாண்டியது. வீடியோ காலில் அவரே முகம் காட்டி “இருக்கேங்க சார்” என்றார். செல்லாது என்றுவிட்டார்கள்.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அத்தோடு முடிந்தது. அதை மறைத்து நிலத்தை விற்றவர்கள் உண்டு. எரிச்சல் எல்லாம், இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததில்தான்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் பவரையும் உயிர்ச் சான்றையும் ஒரே கவரில் அனுப்பிவிடுகிறார். பவரை இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். என்றைக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் அந்த கூரியர் கவர்தான், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த வேலை முடிவதற்குள் கூடவே வந்த உயிர்ச் சான்று காலாவதி ஆகிவிடும். முதலில் பவர், பிறகு தீர்வை, பிறகு பத்திர வரைவு, பதிவுக்குத் தேதி. கடைசியாகத்தான் உயிர்ச் சான்று. தூதரகச் சான்றா, நோட்டரி போதுமா என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கு (ஈசி) எழுதிக்கொடுத்துவிட்டு நடையாய் நடந்த காலம் போய், 1975 முதலான ஈசி இப்போது போனிலேயே வருகிறது, பட்டாவும் அப்படித்தான். மனசு குளிர்ந்தது. ஆனால் இந்த மாவட்டத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1965க்கு முன் எல்லாமே சேலம் ஜில்லா. கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் ஈசி போட வேண்டும். யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் (1979–87) சர்வே எண் மாறியிருந்தால் பழைய எண், புது எண் இரண்டிலும் தேட வேண்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதியாத அக்ரிமெண்டும் ஈசியில் எப்படியும் வராது. சிங்கப்பூரில் பதிவேட்டில் பெயர் இருந்தால் அரசே உத்தரவாதம். இங்கே பதிவு என்பது பத்திரம் பதிவானதற்கு மட்டுமே சாட்சி, உரிமைக்கு அல்ல.

பணத்தில் இன்னொரு அடி. உள்ளூர்க்காரர் 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றால், வாங்குபவர் விலையிலேயே பிடித்துக் கட்டும் வரி (டிடிஎஸ்) 1 சதவீதம். வெளிநாட்டில் வாழும் இந்தியர் (என்ஆர்ஐ) விற்றால் அந்த வரம்பே கிடையாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த மனை என்றால் 12.5 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் மொத்த விலைக்கும் பிடித்துவிடுவார். 40 லட்ச மனைக்கு 5.2 லட்சம் போகும். லாபம் 10 லட்சம்தான் என்றால் வரி 1.3 லட்சம், மீதி ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பும். பதிவுக்கு முன்பே வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. வாங்குபவர் தெரியாமல் 1 சதவீதம் பிடித்தால் விற்பவருக்குச் சந்தோஷம், நோட்டீஸ் வாங்கியவருக்கு வரும்.

ஓசூர் நெடுஞ்சாலையில் ‘பண்ணை நிலம், மாமரத்தோடு, என்ஆர்ஐகளுக்குச் சலுகை’ என்று பலகை வைக்கிறார்கள். விவசாய நிலமோ பண்ணை வீடோ என்ஆர்ஐ விலைக்கு வாங்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை; மீறினால் அபராதம் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். புரோக்கர் இதையும் சொல்ல மாட்டார், கமிஷனை மட்டும் கரெக்டாகக் கேட்பார்.