ஃபிரண்ட்ஷிப் சிகரத்துக்குப் பணம் கட்டும் முன்

மணாலிக்கு அருகே, பீர் பஞ்சால் தொடரில் உள்ள 5,289 மீட்டர் உயர ஃபிரண்ட்ஷிப் சிகரத்தை, "முன் அனுபவம் தேவையில்லை" என்று சொல்லி விற்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் ஜூன் தொடக்கத்துக்கான பயணத்துக்கு முழுத் தொகையும் கட்டிய எனக்கும் என் தோழிக்கும் நடந்ததை, இந்தப் பருவத்தில் பதிவு செய்யவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஜூன் என்றதும் கோடை என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் விழுந்த பனி அந்த உயரத்தில் அப்போதும் ஆழமாகக் கிடக்கும். இரவில் அது இறுகிக் கெட்டிப்படும். வெயில் ஏறியதும் இளகி, கால் முழங்கால்வரை புதையும், செங்குத்துச் சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் கூடும். ஆகவே நள்ளிரவு கடந்ததுமே கிளம்பி, முற்பகலுக்குள் சரிவைவிட்டு இறங்கிவிடுவதுதான் அங்கே முறை. எங்களுக்குக் கொடுத்த பயணத் திட்டத்திலும் இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பாடு என்றே இருந்தது.

உண்மையில் புறப்பட்டது விடிந்த பிறகு. முந்தைய நாள் ஏறிய மற்றொரு குழு எங்களுக்கான பூட்ஸையும், அவற்றின் அடியில் மாட்டும் கூரிய உலோக முட்களான கிராம்பான்களையும் மேல்முகாமிலேயே வைத்திருந்ததும், அவை வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வந்தவையும் எல்லோருக்கும் போதவில்லை. எனக்குக் கிடைத்தது கிராம்பான் அல்ல, ரப்பர் பட்டையில் சிறு முட்கள் கோத்த மைக்ரோஸ்பைக்; தட்டையான பனிப்பாதையில் நடக்க அது போதும், இறுகிய செங்குத்துச் சரிவில் பிடிக்காது. என் இடது காலில் இருந்த ரப்பர் ஏற்கெனவே கிழிந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. "ஆளுக்கொரு ஹார்னெஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை), பனிக்கோடரி" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தவர்கள், குழு முழுவதற்கும் ஒரே ஒரு கயிற்றை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

இதைவிட எனக்குக் கோபம் தந்தது உயரத்துக்கு உடல் பழகுவதற்கான ஓய்வு நாளை அவர்கள் வெட்டியதுதான். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்றத்தின் அடிப்படை விதி. சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் தங்கிய எங்களை, மறுநாள் இரவே 3,800 மீட்டரை ஒட்டிய முகாமில் தூங்க வைத்தார்கள். தோழிக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டபோது, "நிறையத் தண்ணீர் குடியுங்கள் மேடம்" என்று சொன்னதோடு வழிகாட்டி நகர்ந்துவிட்டார். ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட முகாமில் இருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் பேட்டரி இல்லை. தோழியைக் கீழே இறக்க ஆள் தரும்படி நான் சண்டை போட வேண்டியிருந்தது.

சரிவின் பாதியில், பனி இளகத் தொடங்கிய நேரத்தில், வழிகாட்டியே குழுவைத் திருப்பினார். அந்த முடிவு சரியானது; அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வானிலை காரணமாகச் சிகரம் கைகூடவில்லை" என்று நிறுவனம் பதில் எழுதியது. அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருந்ததற்கு, நேரத்துடன் கூடிய படங்கள் என்னிடம் உள்ளன.

பணம் கட்டும் முன், வழிகாட்டி எந்த மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் எந்தப் படிப்பை முடித்தவர், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, உபகரணங்கள் உங்கள் குழுவுக்கு மட்டுமா, ஓய்வு நாள் எந்த முகாமில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். மணாலியிலேயே பூட்ஸையும் கிராம்பானையும் மாட்டிப் பாருங்கள். "மேலே தருகிறோம்" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். நிறுவனம் இமாச்சலத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாங்களும் அப்படித்தான் தொடுத்திருக்கிறோம்.